ஒரு மணிக்குள் தர வேண்டிய படிவம்

இங்கே அயர்லாந்தில், உயர்நிலைப் பள்ளி மூன்றாம் ஆண்டுப் பரீட்சை முடிந்த பிள்ளைகள் பரீட்சையே இல்லாத இடைமாற்ற ஆண்டில் சேரலாம். வேண்டாமென்றால் நேரே ஐந்தாம் ஆண்டுக்குப் போய்விடலாம். மனம் மாறியவர்கள் படிவம் தர இன்று மதியம் ஒரு மணி வரைதான் நேரம். பள்ளி அலுவலகத்தின் கண்ணாடிச் சாளரத்துக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருக்கிறேன். மணி பன்னிரண்டு ஐம்பத்தாறு. வெளியே மேயோ மாவட்டத்தின் ஓயாத தூறல். இடைமாற்ற ஆண்டுப் பிள்ளைகளை மலையேற்றத்துக்குக் கூட்டிப்போகும் பேருந்து வாசலில் உறுமிக்கொண்டிருக்கிறது. எதிரே மழைக்கோட்டோடு நோரீன் நிற்கிறாள்; கையில் ஐந்தாம் ஆண்டுக்கு மாற அம்மா கையெழுத்திட்ட படிவம். அவளும் க்ளீனாவும் இந்த ஆண்டைச் சேர்ந்தே கழிப்பதாகப் பேசிவைத்தவர்கள். கடைசி நேரத்தில் க்ளீனா ஐந்தாம் ஆண்டுக்குப் போய்விட்டாள். அதோ, புதுத் தோழி ஒருத்தியோடு சிரித்தபடி வருகிறாள்.

“என்னடி, இன்னும் கிளம்பலையா? உங்களுக்கென்னப்பா, வருஷம் பூரா சுற்றுலாதான்!”

“நானும் உங்க கிளாஸுக்கே வந்துடட்டுமா?” நோரீன் படிவத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறாள்.

“பைத்தியமா உனக்கு? வாரத்துக்கு மூணு டெஸ்ட்டு. நீ போய் ஜாலியா இருடி.”

தோளில் தட்டிவிட்டுப் போகிறாள். இருவர் சிரிப்பும் நடைவழியின் கடைசிவரை கேட்கிறது.

“மிஸ், இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?”

“ரெண்டு நிமிஷம்மா.”

அவள் கொடுக்கவும் இல்லை, போகவும் இல்லை. ஒரு மணி அடிக்கிறது. சாளரத்தை மூட எனக்குக் கை எழவில்லை. வெளியே ஹார்ன் சத்தம். நோரீன் கோட்டின் தொப்பியைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொள்கிறாள்.

“மலையில ஜோடி ஜோடியாத்தான் நடக்கணுமாம், மிஸ்,” என்கிறாள். “நாங்க இருபத்து மூணு பேர்.”