வரிசையின் கடைசி

“ஒன்பது வருஷமா அந்த எழுத்தாளன் பின்னாடியே போறியே, வெக்கமாயில்ல?” பக்கத்து வீட்டு எவரார்தோ கத்தியது எங்கள் அடுப்படிவரை கேட்டது.

“போவேன்!” என்றாள் அவர் மனைவி ஒபிலியா.

மெக்சிகோவின் குவாதலஹாரா நகரத்தில் நடக்கும் புத்தகத் திருவிழாவுக்கு அவளோடு நானும் ஒட்டிக்கொண்டேன். அங்கே என்ன நடக்கிறதென்று பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வருமா? கையெழுத்து வரிசையில் இரண்டு மணி நேரம் நின்ற ஒபிலியா, எழுத்தாளரின் மேசை நெருங்கியதும் திரும்பிப் போய்க் கடைசியில் நின்றாள்.

“என்னடி, வெக்கமா?”

“எனக்கெதுக்குக்கா கையெழுத்து? ரோசால்பா உசுரா படிச்சது இவரைத்தானே. என்னைக்காவது வந்தா, இந்த வரிசைக்குத்தான் வருவா.”

தன் புத்தகங்களை அப்பன் தெருவில் வீசிய அன்று வீட்டைவிட்டுப் போன மகள் அவள்.

எவரார்தோ இப்போது தெபிக் நகரில், தன் தங்கை வீட்டோடு இருக்கிறார். ஒபிலியா திருவிழா அரங்கத்துக்கு எதிரிலேயே ஓர் அறை பார்த்துக் குடிபோய்விட்டாள்.