பத்து இலக்கப் பகா எண்

வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்த கணித ஆராய்ச்சி மாணவி சுகிர்தா, இளங்குமரனுக்குத் தலையாட்டியது அவனுடைய கைபேசி எண்ணுக்காக. பத்து இலக்கம். ஒன்றையும் அதையும் தவிர வேறெந்த எண்ணாலும் வகுபடாத பகா எண். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் அவன் புது எண்ணிலிருந்து அழைத்தான்.

“ஜோசியர் சொன்னாருன்னு அம்மா நம்பரை மாத்தச் சொன்னாங்க. கூட்டிப் பாருங்க, ஒம்பது வரும். ரொம்ப ராசியாம்.”

“கூட்டினா ஒம்பது வந்தா, ஒம்பதால வகுபடுமே.”

“வகுபட்டா என்னங்க?”

அவள் கைபேசியில் அவனுடைய பழைய எண்ணைத் தேடி எடுத்துப் பார்த்தாள்.

“ஹலோ? லைன்ல இருக்கீங்களா?”

“அந்தப் பழைய நம்பர்?”

“தம்பிக்குக் கொடுத்துட்டேன்.”

“அவருக்குப் பொண்ணு பாக்குறாங்களா?”