ஆறாத எஞ்சின்

மெக்கானிக் பானெட்டின்மேல் உள்ளங்கையை வைக்கிறார். வெயில் இன்னும் மதிலைத் தாண்டவில்லை. ஆனாலும் மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது என்று பேர்வாங்கிய அந்தப் பழைய சிவப்புக் கார் சுடுகிறது. "ஏற்கனவே ஸ்டார்ட் பண்ணிட்டீங்களா சார்? ஆறின எஞ்சின்லதான் கோளாறு தெரியும். எங்க காதுல பூ சுத்துறீங்களா?" மெக்கானிக்கோடு கார் வாங்க வந்தவன் முகம் சுருங்குகிறது. காரை விற்கும் பெரியவர் சாவியைத் தடவிக்கொண்டே நிற்கிறார். "பையன் வேலைக்குக் கிளம்புற நேரத்துக்குத் தினமும் ஸ்டார்ட் பண்ணுவேங்க. அவன் தவறினது உள்ள படுத்திருக்கிற அவன் அம்மாவுக்குத் தெரியாது. அவ வைத்தியத்துக்குத்தான் இப்ப விக்கிறேன்." மெக்கானிக் சாவியை வாங்கித் திருகுகிறார். சின்ன உடம்புக்குப் பொருந்தாத கனத்த உறுமல் தெருவை நிறைக்கிறது, ஒரு பிசிறில்லை. ஜன்னலுக்குள்ளிருந்து மெலிந்த குரல் வருகிறது: "இன்னும் கிளம்பலையா? மெதுவாப் போப்பா." பெரியவர் தொண்டையைச் செருமி, குரலை இளசாக்கிக்கொள்கிறார். "சரிம்மா."