பாதி வரிசை

"ஒரு குத்துக்கு மூணு நாத்து போதும்மா. இப்படி அள்ளி நட்டா நாத்து முடி தீந்துடும்," என்றாள் மங்களாம்பிகை.

பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த பிரின்ஸி நிமிர்ந்தாள். முகமெல்லாம் சேறு. "முதல் தடவைக்கா. இடுப்பு விட்டுப்போச்சு."

"வீட்டுல கஷ்டமா?"

"நிம்மதி இல்லக்கா. ராத்திரி தூக்கமே வர்றதில்ல."

"வீட்டுக்காரரு?"

"வாரத்துல ஒரு நாள் வீட்டுக்கு வந்தா பெருசு."

மங்களாம்பிகைக்கு மனசு கேட்கவில்லை. வேலை பின்தங்கினால் மேஸ்திரி வீரையன் கூலியில் கை வைத்துவிடுவார். "நீ செத்த நில்லு" என்று சொல்லி, பிரின்ஸியின் வரிசையில் பாதியைத் தானே நட்டு முடித்தாள்.

கையில் வெட்டிய இளநீரோடு வீரையன் வரப்பில் வேகமாக வந்தார். மங்களாம்பிகை முந்திக்கொண்டாள். "புதுசுங்க, திட்டாதீங்க. ரெண்டு நாள்ல பழகிடும்."

வீரையன் அவளைக் கவனிக்கவேயில்லை. பிரின்ஸியிடம் பணிவாக, "மேடம், இளநி சாப்பிடுங்க. ரூம்ல ஏசி போட்டாச்சு. நாளைக்கும் நடவுக்குப் பணம் கட்டுறீங்களான்னு ரிசார்ட்ல கேக்கச் சொன்னாங்க" என்றார்.

மங்களாம்பிகை பிரின்ஸியை மேலும் கீழும் பார்த்தாள். "காசு குடுத்தா நடுறீங்க?"

"ஆமாக்கா. சென்னையில எல்லாம் இருக்கு, சந்தோஷம்தான் இல்ல. சேத்துல இறங்கி நட்டா கிடைக்கும்னு சொன்னாங்க."

"அடப்பாவமே. உங்க சந்தோஷத்துல பாதிய நான்ல நட்டுட்டேன்."

தன் பங்கு நாற்று முடிகளையெல்லாம் பிரின்ஸியின் பக்கம் தள்ளிவைத்தாள்.

"இந்தாங்க, பதிலுக்கு என்னோடத நட்டுக்கங்க."

வரப்பில் ஏறி உட்கார்ந்து, வீரையன் கையிலிருந்த இளநீரை வாங்கிக்கொண்டாள்.