அப்பாசாமியின் லைசென்ஸ்

“அப்பாசாமி ரெண்டு நாளா வரலியாமே? நாமக்கல்லுல இருந்து கேக்கறாங்க. நான் என்னன்னு பதில் சொல்றது?” மேனேஜர் தேவராஜ் மேசையைத் தட்டினார்.

அருணா நிமிரவில்லை. காலையில் வந்த மிளகு மூட்டைகளின் எடையைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். எதிரே திரை இருட்டாகக் கிடந்தது.

“அவரு எப்படிங்க சார் வருவாரு?”

அப்பாசாமி மாசியிலேயே இறந்துபோயிருந்தார். லீவு நாளில் சொந்தக் காட்டில் மிளகு பறிக்க ஏறியவர், ஏணி சறுக்கி விழுந்தார். அவருடைய நாற்காலிக்குத்தான் அருணா வேலைக்கு வந்தாள்.

செம்மேட்டுக் கொள்முதல் ஆபீசில் முழுக் கம்ப்யூட்டர் என்று எதுவும் கிடையாது. திரைக்குப் பின்னால் சோப்பு டப்பா போல ஒரு பெட்டி இருக்கும். அதன் உயிரெல்லாம் நாமக்கல் தலைமை ஆபீசில் ஓடும் பெரிய கம்ப்யூட்டரில். அதற்குள் போக ஆளுக்கொரு லைசென்ஸ் வேண்டும். ஆளே மாறினாலும், வருடம் முடிந்து புதுப்பிக்கும்வரை லைசென்ஸில் பேர் மாறாது.

“அதுவரைக்கும் அப்பாசாமி பேருலயே போயிரும்மா” என்று முதல் நாளே சொல்லிவிட்டார் தேவராஜ்.

போனாள். தினமும் காலையில் அந்தப் பேரைத் தட்டுவாள். ‘வணக்கம் அப்பாசாமி’ என்று திரை விழிக்கும். ‘நீங்கள் உள்ளே வந்த தகவல் உங்கள் போனுக்கு அனுப்பப்பட்டது’ என்று கீழே ஒரு வரி மின்னி மறையும். இறந்தவரின் போனுக்கு என்ன போனால் என்ன என்று விட்டுவிட்டாள்.

அந்த வணக்கம்தான் அவளுக்குப் பழகவே இல்லை. இழவு வீட்டில் களவாடியதுபோல் ஒவ்வொரு நாளும் கூசியது.

போன சந்தையில் அப்பாசாமியின் மனைவி சென்னம்மாளைப் பார்த்தாள். மடியில் செருகியிருந்த போனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி தனியாக நின்றாள். அருணா மரவள்ளி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். திங்கட்கிழமை வந்ததும் அந்தப் பேரைத் தட்ட அவளுக்குக் கை எழவில்லை.

“தாளுல எழுதறதுக்கு எனக்கு ஆளு வேண்டாம்மா” என்றார் தேவராஜ். “நாளைக்கு உள்ள போறியா, இல்ல வேற ஆளப் பாக்கட்டுமா?”

வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான்.

“வேற ஆளையே பாத்துக்குங்க சார்.”

வாசலில் நிழல் விழுந்தது. சென்னம்மாள் நின்றிருந்தாள். கையில் போன்.

தேவராஜின் முகம் மாறியது. “போச்சு. சேதியெல்லாம் அந்தம்மாகிட்டத்தான் போயிருக்குது. நீயே பேசிக்க” என்று முணுமுணுத்துவிட்டுக் குடோன் பக்கம் நழுவினார்.

“அவரு எடத்துல இப்ப நீதான் இருக்கறயா கண்ணு?”

“ஆமாங்கக்கா.”

“இது அவரு போனு. எனக்குப் படிக்கத் தெரியாது. எம்புள்ளதான் படிச்சுச் சொன்னா, அப்பா ஆபீசுக்கு வந்துட்டாருன்னு சேதி வருதுன்னு. தெனமும் இந்நேரத்துக்கு டிங்குனு அடிக்கும்.”

வெளியே பஸ் கிளம்பிப் போனது. அதன் சத்தம் வளைவில் தேய்ந்து அடங்கியது.

“தப்புத்தானுங்கக்கா” என்றாள் அருணா. கண் நிறைந்துவிட்டது. “வயித்துப்பாட்டுக்காகச் செத்தவரு பேரை எடுத்துட்டேன். திங்கக்கெழமையே நிறுத்திட்டேனுங்க. வேலையே போனாலும் இனி தொடமாட்டேன். அந்தச் சேதி இனிமே வரவே வராதுங்க.”

சென்னம்மாள் இருண்ட திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போனை மேசைமேல் மெதுவாக வைத்தாள்.

“அதக் கேக்கத்தான் வந்தேன் சாமி. ரெண்டு நாளா காட்டுக்கே போவல நானு... அவரு ஏன் வரல?”