எம்ரி பிரபு எப்படி இறந்தார்

மோடத்தில் பச்சை விளக்கு எரிந்து மூன்று நாளாகிறது என்று பிரான்ஸிலிருந்து ஒரு கிழவர் கத்திக்கொண்டிருந்தார்.

ஹெப்பகோடி கால் சென்டர் அலுவலகத்தில், காதில் ஹெட்செட்டோடு, நிருபமா பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே இரண்டு வாடிக்கையாளர்கள் அவளுக்கு மோசமான ரேட்டிங் கொடுத்திருந்தார்கள். மூன்றாவதும் வந்தால் வேலை போய்விடும். பொம்மனஹள்ளி பிஜி விடுதியைக் காலி செய்துவிட்டு ஒக்கலிபுரத்தில் அப்பா வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

அப்பா சேஷகிரி திட்டமாட்டார். செத்துப்போன வெள்ளைக்காரனுக்காக ஆறு வருஷத்தைத் தொலைத்தவள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அதற்குத்தான் பயம்.

அந்த வெள்ளைக்காரன் பெயர் எம்ரி த மார்வியே. அறுநூறு வருடங்களுக்கு முந்தைய குட்டிப் பிரபு. பிரபு என்பது பேச்சுக்குத்தான். ஒழுகும் மாளிகை, கொஞ்சம் ஆடுகள், சொத்துக்குப் போட்டியாக அண்ணன்கள். பெரிய தளபதி குதிரையிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட அன்று, பக்கத்தில் நின்ற ஒரே பிரபு இவர் என்பதால் படை இவர் கைக்கு வந்தது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. ஆனால் மனிதர் ஜெயித்தார். கோட்டை கோட்டையாகப் பிடித்தார். கடைசிக் கோட்டையின் கதவை அவரே ரகசியமாக எதிரிக்குத் திறந்துவிட்டதால், சொந்த வீரர்களே அவரைத் தூக்கிலிட்டார்கள்.

நிருபமாவின் முனைவர் பட்ட ஆராய்ச்சி அவரைப் பற்றியதுதான். போர்க்களத்தில் இறந்தார் என்று முடித்துவிடு, கௌரவமாக இருக்கும் என்றார் வழிகாட்டிப் பேராசிரியர். ஒரு மனிதன் செத்த விதத்தை மாற்ற எனக்கு உரிமையில்லை என்று சண்டைபோட்டு, பட்டமே வேண்டாமென்று வந்தவள் இவள். ரோஷக்காரி.

கணினி கிழவரின் கணக்கைத் தேடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் வாடிக்கையாளரைச் சும்மா விடக் கூடாது, வானிலை பற்றியாவது பேச வேண்டும் என்பது கம்பெனி சட்டம்.

திரையில் பெயர் வந்தது. த மார்வியே.

நிருபமா வானிலையை விட்டுவிட்டாள். எம்ரி பிரபு உங்கள் வம்சமா என்று கேட்டாள்.

கிழவர் கத்துவதை நிறுத்தினார். நேர் வாரிசு என்றார்.

ஒழுகும் மாளிகை, ஆடுகள், குதிரையிலிருந்து விழுந்த தளபதி என்று அவள் சொல்லச் சொல்ல கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். மோடம் மறந்தே போயிற்று. இந்தக் கதையை இவ்வளவு ஆசையாக இதுவரை யாரும் கேட்டதில்லை. அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது.

கடைசியில் அவர் எப்படி இறந்தார் என்று கேட்டார் கிழவர்.

நிருபமா ரேட்டிங்கை நினைத்தாள். அப்பாவை நினைத்தாள்.

வயதாகி, சொந்தக் கட்டிலில், பேரன் பேத்திகள் சூழ இறந்தார் என்றாள்.

அப்படியா என்றார் கிழவர், குரலைத் தாழ்த்தி. உருகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் ஆள் வந்து மோடத்தை மாற்றித் தருவார் என்று முடிவானது. கிழவர் மிகவும் மரியாதையாக நன்றி சொல்லி வைத்தார்.

டீம் லீடர் சுதீர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு பிரெஞ்சு ஒரு எழுத்து தெரியாது.

"பர்வாகில்ல நிருபமா, கத்தினவனையே சிரிக்க வெச்சுட்டே. அஞ்சு ஸ்டார் கேரன்ட்டி."

வந்தது. பரிவாகப் பேசினாரா என்ற முதல் கேள்விக்கு ஐந்து நட்சத்திரம்.

தந்த தகவல் சரியானதா என்ற இரண்டாவது கேள்விக்கு பூஜ்யம். அதில் பூஜ்யம் விழுந்தால் மற்ற நட்சத்திரம் எதுவும் செல்லாது.

கீழே கிழவர் இரண்டு வரி எழுதியிருந்தார். சுதீர் அதைக் கணினியில் மொழிபெயர்த்துப் படித்தான். மறுபடியும் படித்தான்.

"இது மூணாவது, நிருபமா. என் கையில ஒண்ணும் இல்ல. அது சரி, 'அவரைத் தூக்கில்தான் போட்டார்கள், எங்கள் வீட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும்'னு எழுதியிருக்கான். மோடம் மாத்தற போன் கால்ல யாரைத் தூக்குல போட்டாங்க?"