கம்பி கட்டிய கேட்

கம்பி அவிழவில்லை.

தினமும் அரை நிமிடத்தில் அவிழ்க்கிற கம்பி. இன்று விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நின்றிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். ஒரு கையில் தூக்குவாளி. இன்னொரு கையில் இலையில் சுற்றிய பூ. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தாள்.

"உள்ள வரட்டுங்களா சார்?"

அவனும் "வாங்க" என்றுவிட்டான். சொன்ன பிறகுதான் உறைத்தது. இடத்துக்குச் சொந்தக்காரன் அல்லவா அப்படிச் சொல்வான்!

அவன் முதுகுக்குப் பின்னால் மிளகு ஓடிக்கொண்டிருந்தது. முப்பது கிலோ கறுப்பு லாப்ரடார் நாய். காலை வெயிலில் காது இரண்டும் பறக்க, தன்னை யாரும் கேட்க முடியாது என்கிற ஓட்டம்.

இந்த ஓட்டத்துக்கு ஓர் இடம் தேடி அவன் படாத பாடு பட்டான். பூங்கா வாசலில் 'நாய்களுக்கு அனுமதி இல்லை'. கடற்கரையில் போலீஸ் விசில். மொட்டைமாடியில் அபார்ட்மெண்ட் செக்ரட்டரி. ஏரிக்கரையில் ஒரே ஒருநாள் சங்கிலியை அவிழ்த்துவிட்டதற்குத் தெருநாய்கள் நாலு சேர்ந்து மிளகின் தொடையைக் கிழித்தன. ஒன்பது தையல். அதன் பிறகு இரண்டு மாதம் அது பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே மூக்கை நுழைத்தபடி படுத்தே கிடந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

பைபாஸை ஒட்டி இது கிடைத்தது.

நாலு பக்கமும் ஆளுயரச் சுவர். ஒரே ஒரு இரும்புக் கேட். உள்ளே புல், இரண்டு வேப்பமரம், ஆங்காங்கே மண்மேடு. கேட்டுக்குத் தாழ்ப்பாள் மட்டும் இல்லை. கட்டுக்கம்பி வாங்கிவந்து இரண்டு கதவையும் சேர்த்து முறுக்கினான். தெருநாய் நுழைந்துவிடக் கூடாதென்று, போகும்போதும் வெளியிலிருந்து முறுக்கிவிட்டுத்தான் போனான்.

ஆறு வாரமாக.

நாய் வளர்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் பெருமையாக எழுதியும் போட்டான். 'பாதுகாப்பான இடம். யாருமே வருவதில்லை.' பதினோரு பேர் கைதட்டல் போட்டார்கள்.

ஒருவழியாகக் கம்பி அவிழ்ந்தது. கை நழுவிக் கீழே விழுந்தது.

"போன அமாவாசைக்கும் வந்தேன் சார். கம்பி கட்டியிருந்துச்சு. யாரோ வாங்கிட்டாங்க போலன்னு திரும்பிட்டேன்."

குற்றம் சொல்கிற குரல் இல்லை. பஸ் வராததைச் சொல்வது போலச் சொன்னாள்.

உள்ளே வந்தவள் இடப்பக்கம் வலப்பக்கம் பார்க்கவில்லை. நேராக வேப்பமரத்தடி மேட்டுக்குப் போனாள்.



ஓடிக் களைத்ததும் மிளகு ஏறி உட்காருகிற மேடு அது. நாக்கைத் தொங்கவிட்டு ராஜா மாதிரி உட்காரும். அதைப் படமெடுத்துக் குழுவில் போட்டிருந்தான்.

மேட்டின் தலைமாட்டில் மிளகு பறித்த குழி.

இடுகாடு. ஆறு வாரமாக அந்தச் சொல்லை அவன் பக்கத்தில் வரவிடவில்லை.

தெரியாது என்று சொல்லிவிடலாம். ஆனால் முதல் வாரமே காய்ந்த மாலை ஒன்றைப் பார்த்திருந்தான். உடைந்த மண்சட்டியையும் பார்த்திருந்தான். பழசு என்று நினைத்துக்கொண்டான். ஒரு கல் நட்டிருந்தால், கல்லில் ஒரு பெயர் இருந்திருந்தால், நாயோடு காலெடுத்து வைத்திருப்பானா? கல் வைக்க வசதி இல்லாதவர்கள் என்றதும் அவனுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. வெட்கத்தில் காது இரண்டும் சுட்டன.

அவள் குந்தி உட்கார்ந்தாள். குழியைப் பார்த்தாள். இரண்டு கையாலும் மண்ணை அள்ளிப் போட்டு மூடினாள். தட்டிச் சமன் செய்தாள்.

"எங்க வீட்டுக்காரரு" என்றாள், வந்தவருக்கு அறிமுகம் செய்து வைப்பது போல.

பூவைப் போட்டாள். தூக்குவாளியைச் சாய்த்துப் பாலை ஊற்றினாள்.

வாசனை மிளகுக்கு எட்டிவிட்டது. அவன் பாய்ந்து கழுத்துப்பட்டையைப் பிடித்தான். சங்கிலி காரில் கிடந்தது. முப்பது கிலோவும் அவனைப் பால் பக்கம் இழுத்தது. குனிந்தபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

குனிந்து நிற்பது வசதியாகவும் இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. குழுவாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை. இன்று மூன்று நாய்கள் வருவதாக நேற்றே சொல்லியிருந்தார்கள்.

மன்னிப்புக் கேட்க வேண்டும். இது என் இடமில்லை என்றும் சொல்ல வேண்டும். எதை முதலில் சொல்வது என்று அவன் திணறுவதற்குள் அவள் எழுந்து புடவை மண்ணைத் தட்டிவிட்டாள். வாளியை எடுத்துக்கொண்டாள். வெளியே போனாள்.

போனவள் இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தினாள். கேட் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுக் கீழே கிடந்த கட்டுக்கம்பியை எடுத்தாள்.

"இருக்கட்டும்... வேண்டாம்மா" என்றான்.

"ரோட்டுல லாரியா போவுது சார். நாயி ஓடிடப் போவுது."

அவளே முறுக்கினாள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. இழுத்துப் பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

நாலடி போனவள் திரும்பி வந்தாள்.

"அடுத்த அமாவாசைக்கு வரட்டுங்களா சார்?"

கேட்டுக்கு வெளியே, பதிலுக்காக நின்றாள்.

அவன் வாயில் 'வாங்க' என்கிற அந்த ஒரு சொல்தான் இருந்தது.